இரண்டு வீட்டுக்கு ஒரே மெயில்

திருத்தணியில் பஸ் நிலையத்திலிருந்து மலைக்குப் போகிற வழியில் கோதண்டபாணி அண்ணனின் பாத்திரக் கடை இருக்கிறது. குடம், குத்துவிளக்கு, காதுகுத்துக்குச் சீர் வைக்கிற தாம்பாளம் எல்லாம் அங்கே கிடைக்கும். வாங்கிய பாத்திரத்தில் பெயர் வெட்டியும் கொடுப்பார். மாமன் பெயர் மேலே வரவேண்டுமா, சித்தப்பா பெயர் மேலே வரவேண்டுமா என்று கடை வாசலில் சண்டை மூளும்போது இவர்தான் தீர்ப்புச் சொல்லுவார். அந்தத் தீர்ப்பை யாரும் மீறியதில்லை. அவர் கையில் உளி இருக்கும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

என் பெயர் உதயா. அரக்கோணம் சாலையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிற பெண். எனக்குப் பொறுமை குறைவு என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதைச் சொல்லுகிறவர்கள் எல்லாரும் கம்ப்யூட்டரில் காபியைக் கொட்டிவிட்டு, தானாகவே நின்றுவிட்டது என்று சொன்னவர்கள்.

அண்ணன் அந்த வகை இல்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் மெயிலைத் திறந்தால் பாஸ்வேர்டு கேட்கிறது, சரியாகத்தான் போடுகிறேன், ஏற்க மாட்டேன் என்கிறது, புதிதாக மாற்றினால் சில நாள் ஓடுகிறது, பிறகு மறுபடியும் கேட்கிறது என்று தெளிவாகச் சொன்னார். இத்தனை தெளிவாகச் சொல்லும் ஆள் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம். சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். அதுதான் முழு விஷயமும் என்று பிறகு தெரிந்தது.

முதல் தடவை போனபோது கம்ப்யூட்டரின் தேதி பல வருஷம் பின்னால் இருந்தது. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்திருந்தது. தேதி தப்பாக இருந்தால் மெயில் தகராறு செய்யும். பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்து, பிரச்சினை தீர்ந்தது என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த வாரமே மறுபடியும் கேட்டது. இரண்டாம் தடவை பழைய பாஸ்வேர்டு எங்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கெல்லாம் அழித்தேன். கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தாக அடித்துப் பார்த்தேன். வைரஸ் இருக்கிறதா என்று தேடினேன். எல்லாம் சுத்தம். மறுபடியும் கேட்டது. எனக்குக் கம்ப்யூட்டர் மேல் கோபம் வருவது அபூர்வம். அன்றைக்கு வந்தது.

மூன்றாம் தடவைதான், அந்த மெயிலை எந்தெந்தக் கம்ப்யூட்டரில் திறந்திருக்கிறார்கள் என்று காட்டும் பக்கத்தைப் பார்த்தேன். முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். இரண்டு கம்ப்யூட்டர் இருந்தது. ஒன்று என் முன்னால் இருந்தது.

"அண்ணா, இந்த மெயில வேற யாராவது யூஸ் பண்றாங்களா?" என்று கேட்டேன்.

அண்ணன் விட்டத்தைப் பார்த்தார். சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவி பத்மா அக்காதான் பதில் சொன்னார்.

"எந்தம்பி."

கதை அப்புறம்தான் வந்தது. அக்காவின் தம்பி ஹேமநாதன் பொதட்டூர்பேட்டையில் லுங்கித் தறி போட்டிருப்பவர். அண்ணனின் மகள் புவனா கல்லூரியில் சேர்ந்தபோது இந்தக் கம்ப்யூட்டரை வாங்கிக் கொடுத்து, மெயிலையும் திறந்து கொடுத்தவர் அவர்தான். தனக்கு வேறொன்று திறக்கப் போனவரை அண்ணன் தடுத்திருக்கிறார். ரேஷன் கார்டு மாதிரி ஒரு குடும்பத்துக்கு ஒன்று போதாதா என்பது அவர் வாதம். அதனால் பாத்திர விலைப்பட்டியலும் லுங்கிக் கட்டங்களின் படமும் பல வருஷம் ஒரே மெயிலில் வந்து விழுந்தன. இரண்டு பேரும் அவரவருடையதைப் பார்த்துக்கொண்டார்கள். அதில் குழப்பமே வரவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

பிறகு ஹேமநாதன் மாடி கட்டிப் புதுமனை புகுவிழா நடத்தினார். பத்திரிகையில் அக்கா புருஷன் பெயர், ஹேமநாதனுடைய பெண்டாட்டியின் அண்ணன் பெயருக்குக் கீழே அச்சாகியிருந்தது. பெயர் வெட்டிப் பிழைக்கிறவருக்கு இது சாதாரண விஷயமா? அண்ணன் விழாவுக்குப் போனார், மொய் எழுதினார், சாப்பிடாமல் திரும்பினார். அதோடு, அக்கா புருஷனைப் பாவா பாவா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த மச்சானோடு பேச்சு நின்றது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் பொதுவாக இருந்ததை எல்லாம் பிரித்துக்கொண்டார்கள். இட்லிக் குண்டான் இங்கே வந்தது, ஏணி அங்கே போனது. மெயில் மட்டும் யார் ஞாபகத்திலும் இல்லை.

பாஸ்வேர்டை அடிக்கடி மாற்றாவிட்டால் ஆபத்து என்று கடைக்கு வந்த யாரோ சொல்ல, அண்ணன் ஒருநாள் மாற்றியிருக்கிறார். உடனே பொதட்டூர்பேட்டையில் கேட்டது. பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்ற இடத்தை அமுக்கி, போனுக்கு வந்த எண்ணைப் போட்டு, ஹேமநாதன் வேறு வைத்தார். உடனே திருத்தணியில் கேட்டது. இவரும் அதையே செய்தார். இருவருடைய போன் நம்பரும் அதில் இருந்ததால் இது நிற்க வழியே இல்லை. மாமனும் மச்சானும் ஒருவரையொருவர் மாற்றி மாற்றி வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டு, மெஷின் கெட்டுவிட்டது என்று ஆளுக்கொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கேயும் பேட்டரி மாற்றினார்களாம்.

ஆளுக்கொரு மெயில் வைத்துக்கொண்டால் தொல்லை தீர்ந்தது, அரைமணி நேர வேலை என்றேன்.

"எம் பொண்ணுக்காகத் தொறந்த மெயிலு. போறதுனா அவன் போவட்டும்" என்றார் அண்ணன்.

அதன் பிறகு நடந்தது தெரிந்தே நடந்தது. காலையில் சாமி கும்பிட்டதும் கம்ப்யூட்டரைப் போடுவார். பாஸ்வேர்டு கேட்டால், "மாத்திட்டான் பாத்தியா" என்று வீடு கேட்கச் சொல்லிவிட்டு, புதிதாக ஒன்று வைத்துவிட்டு, காபியை ரசித்துக் குடிப்பார். அது கேட்கிற நாளில் அவர் முகம் தெளிவாக இருக்கிறது என்று அக்கா என்னிடம் சொன்னார்.

அக்காவின் கவலை வேறு. புவனாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, தை மாதம் முகூர்த்தம். மணையில் உட்காரும் பெண்ணுக்குத் தாய்மாமன்தான் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். அக்காவுக்கு இருப்பது ஒரே தம்பி. பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. தாய்மாமன் ஹேமநாதன் என்று முறைப்படி முதல் பெயராகவே போட்டிருந்தார் அண்ணன். முறை வேறு, பேச்சு வேறு என்றார். ஆனால் பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்து, புருஷனும் பெண்டாட்டியும் நேரில் போய்க் கொடுத்தால்தான் அது அழைப்பு. தபாலில் போனால் கடுதாசி. அண்ணன் போக மாட்டேன் என்றார். கொடுக்காமல் தம்பி வர மாட்டார். அக்கா கெஞ்சிப் பார்த்தார், அழுதும் பார்த்தார். பிறகு கேட்பதையே விட்டுவிட்டார்.

பொங்கலுக்குக் கொஞ்ச நாள் முன்னால் அண்ணன் போன் செய்தார். மெஷின் கெட்டுவிட்டது என்றார். என்ன செய்கிறது என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ல. பாஸ்வேர்டே கேக்க மாட்டேங்குது."

என் தொழிலில் இப்படி ஒரு புகார் வந்ததில்லை. போய்ப் பார்த்தேன். எல்லாம் நன்றாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டு மெயிலும் கல்யாண மண்டபத்து மெயிலும் வரிசையாக வந்து கிடந்தன. கடைசியாகப் பாஸ்வேர்டு மாற்றியது அண்ணன்தான். அதற்குப் பிறகு யாரும் மாற்றவில்லை. அதைச் சொன்னேன்.

"ஏன் மாத்தல?"

அது மெஷினுக்குத் தெரியாது என்றேன். அவனுக்கு உடம்பு சரியில்லையோ என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். அக்கா மொட்டைமாடியில் நின்று தம்பியோடு போனில் பேசுவது தெருவுக்கே தெரியும், அண்ணனுக்கும் தெரியும். எனக்கென்ன தெரியும் என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனார். எல்லாம் தெரியும் என்று அவர் முகத்திலேயே இருந்தது.

"அவன் மெஷின்தான் பூட்ச்சி போல. நீ வந்து ஒரு பார்வ பாரும்மா" என்றார் அண்ணன். மச்சான் வீட்டுக்குப் போக மெக்கானிக்கைத் துணைக்குச் சேர்த்த ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நாங்கள் கிளம்பும்போது அக்கா பட்டுப்புடவையில், மூடிய தாம்பாளத்தோடு வாசலில் நின்றார். அது எதற்கு என்று அண்ணன் கேட்டார். போகிற இடத்துக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்றார் அக்கா. மூவரும் பஸ் ஏறினோம்.

பொதட்டூர்பேட்டையில் கீழே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பனியனோடு நின்ற ஹேமநாதன் எங்களைப் பார்த்ததும் சட்டையைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டுதான் வாங்க என்றார். ஆள் நன்றாகத்தான் இருந்தார். தண்ணீர் வந்தது. அண்ணன் வாங்கிக் குடித்தார். மெஷின் பார்க்க வந்தோம் என்று நான் சொன்னேன். யாராவது ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

மாடி அறையில் கம்ப்யூட்டர் இருந்தது. திரையில் பாஸ்வேர்டு கேட்கும் கட்டம் காலியாக நின்றது. மெஷினில் ஒரு கோளாறும் இல்லை.

"ஏன்டா மாத்தாம வச்சிகினு கீற?" என்றார் அண்ணன். இத்தனை காலத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"கல்யாண சேதி எல்லாம் அதுலதான் வந்துகினு இருக்குதுன்னு அக்கா சொல்லிச்சி பாவா. நா மாத்தப்போயி நடுவுல எதனா நின்னுட்டா புவனா வேல கெட்டுப்பூடும். முடியட்டும்னு உட்டுட்டேன்."

உன் வியாபாரம் என்ன ஆச்சு என்று அண்ணன் கேட்டார். இரண்டு ஆர்டர் போய்விட்டது, பரவாயில்லை என்றார் அவர்.

"நீங்க கூப்புட மாட்டீங்கன்னு தெரியும் பாவா. கல்யாணம் நல்லா நடக்கணும் இல்ல."

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒற்றை விரலால் பாஸ்வேர்டை அடிக்க ஆரம்பித்தார். அடுத்தவர் பாஸ்வேர்டு போடும்போது செய்கிற மாதிரி ஹேமநாதன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் திருப்பிக்கொண்டேன்.

விரல் நின்றது.

"அங்க இன்னாடா பாக்கற? இங்க பாரு. உனுக்குத் தெரியாம எனுக்கு இன்னா பாஸ்வேர்டு."

அடித்ததை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். தறிச் சத்தத்தில் கேட்க வேண்டுமே என்று ஒவ்வொரு எழுத்தையும் உரக்கச் சொல்லிக்கொண்டே அடித்தார். ஹேமநாதன் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். கடைசி எழுத்து முடிந்து மெயில் திறந்ததும், அக்கா அண்ணனை எழுப்பித் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு தாம்பாளத்தை நீட்டினார். தம்பி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.