ஒன்று கப்பலுக்கு, ஒன்று நமக்கு

மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. காஜா பேராங்கில் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில் நான் லேப் அசிஸ்டண்ட். அதை நடத்திவந்த வெள்ளைக்கார டாக்டர் ஊர் திரும்பப் போகிறார். வாய்ப் புற்றுநோய் ஆராய்ச்சிக்காகச் சேர்த்திருந்த ஸ்லைடுகளையும், சதைத் துணுக்குகளை மெழுகில் பதித்துவைத்த பிளாக்குகளையும் மொத்தமாகப் பெட்டியில் அடுக்கச் சொல்லிவிட்டார். எல்லாம் அவரோடு கப்பலேறும்.

நான் அடுக்கவில்லை.

மீனாட்சி மக்சிக்கின், அதாவது மீனாட்சி அத்தையின், பிளாக்கும் அதில் இருந்தது. கம்போங் செட்டி என்ற கிராமத்துக்காரர், முன்னோர் தமிழர், நெற்றி நிறையத் திருநீறு, பேச்செல்லாம் மலாய். வெற்றிலை போட்டுப் போட்டுக் கன்னத்தின் உட்புறம் வந்த கட்டியை அறுத்து எடுத்திருந்தார்கள். மறுபடி வந்தால் பழைய ஸ்லைடோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எவ்வளவு அறுப்பது என்று முடிவு செய்வார்கள். பழையது சீமையில் இருந்தால் எதோடு ஒப்பிடுவது?

தலைமை அசிஸ்டண்ட் சாமிநாதன் அண்ணன் நல்லவர், ஆனால் பயந்தவர். "துரை சொன்னதச் செஞ்சிட்டுப் போ லா. நமக்கு எதுக்குப் பொல்லாப்பு?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொடியே இறங்கிவிட்டது, இன்னும் என்ன துரை?

நேரே டாக்டரிடம் போனேன். ஒவ்வொரு பிளாக்கிலிருந்தும் இன்னொரு ஸ்லைடு வெட்டி இங்கே வைக்க வேண்டும் என்றேன். நேரமில்லை, இவையெல்லாம் தன் உழைப்பு என்றார். உழைப்பு உங்களுடையது, சதை உங்களுடையதல்ல என்றேன். வேலை வேண்டாமா என்று கேட்டார்.

அன்று மக்சிக் வாய் காட்ட வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே கூப்பிட்டு, டாக்டருக்கும் புரியட்டும் என்று மலாயிலேயே விஷயத்தைச் சொன்னேன். அவரும் மலாயில் பதில் சொன்னார்:

"கொண்டுபோகட்டும். அங்கயும் யாருக்காச்சும் உதவும். எனக்கு ஒண்ணு இங்க இருக்கணும். திரும்ப நோவு வந்தா நான் கப்பல் ஏறியா போறது?"

டாக்டர் முகம் சிவந்துவிட்டது. பெட்டிக்கு ஆணி அடிப்பதற்குள் முடி, நற்சான்றிதழ் மட்டும் என்னிடம் எதிர்பார்க்காதே என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

பிளாக்கை ஐஸில் குளிரவைத்து, மைக்ரோடோம் கத்தியில் ரிப்பனாகச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, ஸ்லைடில் ஏந்திச் சாயமேற்ற வேண்டும். அவசரப்பட்டால் சுருங்கிப்போகும். கொஞ்ச நேரத்தில் சாமிநாதன் அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அடுத்த வருஷம் மக்சிக்குக்குக் கட்டி திரும்ப வந்தது. புது டாக்டர் பழையது, புதியது இரண்டு ஸ்லைடுகளையும் பார்த்தார், அதே நோய். அகலமாக அறுத்தார்கள். வாய் கோணிப்போனாலும் மக்சிக் பிழைத்துக்கொண்டார். சந்தையில் பார்க்கும்போதெல்லாம், இளைத்துவிட்டாய், ஒழுங்காகச் சாப்பிடு என்று அந்தக் கோணல் வாயாலேயே என்னைத் திட்டுவார்.

இப்போது அந்த ஸ்லைடுகளை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். போய்ப் பார்த்தேன். படங்கள் வெளிநாட்டு ஆராய்ச்சிக்கும் போகுமாம். போகட்டும், சந்தோஷம். குடும்பத்தாரிடம் கேட்டீர்களா என்றேன். அங்கிருந்த பெண், "அந்த நோயாளிங்கள்லாம் இறந்துட்டாங்களே சார், யாரைக் கேக்குறது?" என்றாள். மக்சிக்கின் மகள் இருக்கும் வீட்டுக்கு வழி சொன்னேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: கேளுங்கள். மக்சிக் மாட்டேன் என்று சொல்லவில்லை. அந்த வெள்ளைக்கார டாக்டர்தான் அவரிடம் கேட்கவே இல்லை.