நாலு விரல் குறைந்த பூம்

என் மைத்துனன் கோகுலன் இறந்ததற்குக் காரணம் நான். அந்தப் பழியைச் சுமந்துகொண்டிருப்பவள் என் மனைவி. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் இத்தனை ஆண்டுகளாக அவளோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிடுகிறேன்.

நீங்கள் என்னை அறியாதவர். அதனால்தான் உங்களிடம் சொல்ல வாய் வருகிறது.

சாருமதி நீர்வேலியில் பிறந்து நோர்வேயில் வளர்ந்தவள். வேலைக்காக யாழ்ப்பாணம் வந்து, என்னை மணந்து, இங்கேயே தங்கிவிட்டாள். அங்கிருந்து அவள் கொண்டுவந்த ஒரே ஆசை பாய்ப்பலகை. மிதக்கும் பலகையில் பாய்மரத்தை நட்டு, நின்றபடியே காற்றில் ஓடும் விளையாட்டு அது. பாயை இருபுறமும் அணைத்தபடி வளைந்து செல்லும் குழாய்க்குப் பூம் என்று பெயர். ஓட்டுபவர் பிடித்து நிற்பது அதைத்தான். காற்றின் இழுவை முழுவதும் அந்தக் குழாயில்தான் வந்து இறங்கும்.

அவளிடம் மூன்று பாய்கள் இருந்தன. சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசி அடிக்கும் நாட்களுக்குச் சின்னது, மெல்லிய காற்றுக்குப் பெரியது, நடுத்தரமாக ஒன்று. ஒவ்வொரு பாயிலும் அதற்கு வேண்டிய பூமின் நீளம் அச்சிடப்பட்டிருக்கும். பூமின் வால்பகுதியை வெளியே இழுத்து, துளையில் ஊசியைப் பூட்டி, நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

ஆனால் எல்லைக்குள்தான். கொழும்பில் ஒருவரிடம் பூம் எடுப்பிக்க இருந்தபோது அவள் தெளிவாகவே சொன்னாள்.

"மூண்டு பாய்க்கும் ஒரு பூம் காணாதப்பா. சின்னனுக்கு ஒண்டு, பெரிசுக்கு ஒண்டு வேணும். நீளமானதைச் சின்னப் பாய்க்குப் போட்டா வால் நீட்டிக்கொண்டு நிக்கும், திருப்பேலாது. கட்டையானதைக் கடைசித் துளை மட்டும் இழுத்துப் பெரிசுக்குப் போட்டா, அது வளையும், பலமில்லை."

"அதை நான் பாக்கிறன்" என்றேன்.

நான் கணித ஆசிரியன். அளவுகளை அவளைவிட நன்றாகப் பார்ப்பேன் என்று எனக்கு ஒரு நினைப்பு. ஒரே பூம் மூன்றுக்கும் பொருந்தும் என்று கணக்குப் போட்டு, ஒன்றையே எடுப்பித்தேன். வந்தபின் கட்டிப் பார்த்தால் சின்னதற்கும் நடுத்தரத்திற்கும் பொருந்தியது. பெரிய பாய்க்கு, கடைசித் துளைவரை இழுத்தும், நாலு விரல் குறைந்தது.

என் கணக்குப் பிழைத்துவிட்டது என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள், வேறொன்று எடுப்பித்திருப்போம். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அவள் சொன்னதே சரி என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பெரிய பாய் சுருட்டியபடியே அறை மூலையில் கிடந்தது.

அடுத்த வைகாசியில் கோகுலன் நோர்வேயிலிருந்து விடுமுறைக்கு வந்தான். அவளுடைய ஒரே தம்பி. உயரமானவன், பாரமானவன். மெல்லிய காற்றில் அவனைச் சுமக்கப் பெரிய பாய்தான் வேண்டும்.

"அத்தான், அந்தப் பெரிய பாயைக் கட்டித் தாங்கோவன்" என்று வந்த நாளிலிருந்தே கேட்டான்.

நான் பூமின் வாலைக் கழற்றி நகரத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். பூமுக்குள் செருகும் வாலின் இரு கால்களிலும், நுனிக்குக் கிட்டப் புதிய துளைகள் போடுவித்தேன். இப்போது நாலு விரல் கூடுதலாக இழுக்கலாம். ஆனால் துளைக்கும் குழாயின் நுனிக்கும் இடையில் நகக்கண் அளவு உலோகமே மிஞ்சியிருந்தது. அதைப் பார்த்தபோது எனக்குள் ஏதோ சுருக்கென்றது... அந்தச் சுருக்கை நான் மறக்கவில்லை. அதனால்தான் தெரியாமல் செய்தேன் என்று உங்களிடம் சொல்ல முடியாமல் இருக்கிறது.

சாருமதி துளைகளைக் கண்டு முகம் சுருக்கினாள்.

"இது தாங்குமே?"

"வித்தவரைக் கேட்டனான். இவ்வளவுக்கு இழுக்கலாமாம், பயமில்லையாம்."

நான் யாரையும் கேட்கவில்லை. அவள் என்னை நம்பினாள்.

தொண்டைமானாற்றுக் கடற்கரையில் அன்று காலை காற்று மெல்லத்தான் இருந்தது. சாருமதியே பாயைக் கட்டினாள். வாலை இழுத்து, புதிய துளையில் ஊசியை மாட்டி, இரண்டு தடவை அசைத்துப் பார்த்தாள். கோகுலன் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, மிதவைச் சட்டை வெக்கை என்று சொல்லி அதை என் கையில் தந்தான்.

அந்தச் சட்டையைப் போட்டிருந்தால் தப்பியிருப்பான் என்று பிறகு பலர் சொன்னார்கள். அந்த வாக்கியத்துக்குப் பின்னால் நான் எத்தனையோ தடவை ஒளிந்திருக்கிறேன்.

அழகாக ஓடினான். வெயில் ஏறக் காற்றும் ஏறியது. எங்கள் வடகரையில் சோளகம் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். திரும்பி வர முடியாதவனை அது வெளியேதான் தள்ளும்.

பாய் விழுந்தது.

"எழும்புவான்" என்றாள் சாருமதி.

பாய் பாதி எழுந்து, பிடியில்லாத சேலைபோலப் படபடத்து, மறுபடி விழுந்தது. அதன்பின் எழவில்லை. பலகை சிறுத்துக்கொண்டே போனது. நாங்கள் மீனவர் வாடிகளுக்கு ஓடினோம். வள்ளங்கள் எல்லாம் கரையேறிவிட்டிருந்தன. ஒன்றை இறக்கி, எஞ்சின் பூட்டிப் புறப்படுவதற்குள்... கரையில் நிற்பவனுக்குச் செய்ய ஒன்றுமே இல்லை என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

அவர்கள் பலகையைக் கண்டார்கள். அவனைக் காணவில்லை. பலகையை விட்டுக் கரைக்கு நீந்தப் பார்த்திருக்கிறான். மறுநாள் பருத்தித்துறைப் பக்கம் கரையொதுங்கினான்.

பலகையையும் பாயையும் கட்டியிழுத்து வந்து மணலில் போட்டபோது சாருமதி தண்ணீரில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பூமைப் பார்த்தேன். நான் போடுவித்த துளையிலிருந்து நுனிவரை குழாய் கடதாசிபோலக் கிழிந்திருந்தது. ஊசி அதன் இடத்தில் அப்படியே இருந்தது. யாரும் கவனிக்குமுன் எல்லாவற்றையும் பாயில் சுற்றி வாகனத்தில் ஏற்றினேன்.

செத்தவீடு முடிந்து அவள் கேட்ட முதற்கேள்வி அதுதான்.

"பூமுக்கு என்ன நடந்தது? உடைஞ்சு போச்சோ?"

"ஒண்டும் உடையேல்லை. ஊசி கழண்டிருக்கு."

ஏன் அப்படிச் சொன்னேன்? என்னைக் காத்துக்கொள்ளத்தான். ஊசியை மாட்டியவள் அவள் என்பது அந்த நேரம் என் புத்தியில் படவில்லை என்று எனக்கு நானே பலநாள் சொல்லிக்கொண்டேன். இல்லை... சொல்லும்போதே பட்டது.

அவள் தன் கைகளைப் பார்த்தாள்.

அடுத்த கிழமை பூமைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன்.

அவளே தாய்க்குத் தொலைபேசியில் சொன்னாள்: "அம்மா, நான்தான் வடிவாப் பூட்டேல்லை." அதன்பின் மாமி நெடுங்காலம் மகளோடு கதைக்கவில்லை. சாருமதி கடற்கரைப் பக்கம் போவதை நிறுத்தினாள். வீட்டுக் கதவைப் பூட்டினால் திரும்பிவந்து இழுத்துப் பார்ப்பாள். காஸ் சிலிண்டரை மூடிவிட்டு என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வாள். "நான் பூட்டினால் நம்பேலாது" என்பாள். நான் போய்ப் பார்த்து, சரி என்று சொல்வேன். நான்!

இந்த வருடத் திவசத்துக்குக் கீரிமலைக்குப் போனோம். கிரியைகள் முடிந்து கேணிப்பக்கம் இருந்தபோது அவள் ஈரக் கையைத் துடைக்காமல் வெறித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"சாரு, ஊசி கழரேல்லை. நீர் பூட்டினது சரி. நான் போட்ட துளைதான் கிழிஞ்சது. வித்தவரை நான் கேக்கவேயில்லை."

எவ்வளவு காலம் தொண்டையில் கிடந்த வார்த்தைகள்... அவள் அடிப்பாள், எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"வேண்டாமப்பா. எனக்காக இப்பிடி எல்லாம் சொல்லாதேங்கோ."

"உண்மையாத்தான் சொல்லுறன்."

"உண்மையெண்டா அண்டைக்கே சொல்லியிருப்பீங்கள். என்னை இவ்வளவு காலம் இப்பிடி விட்டு வைச்சிருக்க மாட்டீங்கள். எனக்குத் தெரியாதே உங்களை?"

நான் மறுபடி சொன்னேன். பட்டறை இருந்த தெருவைச் சொன்னேன். கிழிசல் எப்படி இருந்தது என்று கையால் காட்டினேன். அவள் என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். காட்டுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை. அதை இல்லாமல் செய்தவனும் நானே.

பொய்யைச் சொன்னபோது உடனே நம்பியவள், உண்மையைச் சொன்னபோது என்மேல் இரக்கப்பட்டாள்.

நேற்று மாமி தொலைபேசியில் வந்தார். இப்போது மகளோடு கொஞ்சம் கதைக்கிறார். சாருமதி எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். என்னிடம் கொடுக்கச் சொன்னாராம். அவள் தொலைபேசியை நீட்டிவிட்டு எதிரிலேயே நின்றாள்.

"தம்பி, பிள்ளையைத் தேத்திறதுக்காகப் பழியை உங்கடை தலையிலை போடப் பாத்தீங்களாம். அவள் சொல்லி அழுதவள். உங்களை மாதிரி ஒரு மனுசன் அவளுக்குக் கிடைச்சது அவள் செய்த புண்ணியம். அவளைக் கைவிட்டிடாதேங்கோ, தம்பி."

மகனைப் பறிகொடுத்த தாய். அவருக்குக் கேட்கக் காது இருந்தது. சொல்ல எனக்கு வாயும் இருந்தது.

"ஓம் மாமி" என்றேன்.