குழாயில் கேட்ட செங்கோடன் சத்தம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். சுடுகாட்டுக் கொட்டகையில் படுத்துத் தூங்கியிருக்கிறேன். படுக்க வேறு இடமில்லை, அவ்வளவுதான். ஆறாவதோடு படிப்பு முடிந்தது. அப்புறம் போர்வெல் போடுகிற ரிக் வண்டி, லாரி, மைக் செட் என்று சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் கிடைத்த வேலையெல்லாம் பார்த்தாயிற்று. இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்து முடித்துவிட்டுக் கேளுங்கள்.

போன மாதம் மேட்டூரில் ஒரு என்ஜினீயர் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போனேன். மைக் செட் காலத்தில் ஒரு விசேஷத்தில் நான் போட்ட இசைத்தட்டு அங்கே இருந்தது. அதே அட்டை. முகமெல்லாம் வெள்ளை பூசி, கண்ணைச் சுற்றி மை அப்பிய வெளிநாட்டுக்காரன், பின்னால் சிவப்புத் திரை. கெஞ்சிக் கேட்டு இரண்டு பக்கமும் போட வைத்தேன். இடி இருந்தது, கதவு அறைந்து சாத்துவது இருந்தது, கூட்டம் கைதட்டுவது இருந்தது. நான் தேடியது மட்டும் இல்லை.

"இதுல ஆடு கூப்பிடற சத்தம் வருமுங்களே" என்றேன்.

"லண்டன்ல பாடினது. அங்க ஆட்டுக்கு என்ன வேலை? போய்ச் சுவத்தைப் பாருப்பா" என்றார்.

எல்லாரும் இப்படித்தான் பேசுகிறார்கள். எனக்கும் சலித்துவிட்டது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. மேச்சேரிப் பக்கம் ஒரு காதுகுத்து. முதலாளி வரவில்லை, செட்டுக்கு நான் மட்டும்தான். புளியமரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி முடிப்பதற்குள் விசேஷ வீட்டுக்காரர் வந்து நின்றார். அவருக்கும் பங்காளிக்கும் ஆகாது.

"அவனூட்டு விசேசத்துல போட்ட பாட்டைப் போட்டீன்னா செட்டை அவுத்துட்டுப் போயிரு சாமி. ஆரும் கேக்காததாப் போடு."

அங்கேயும் குழாய் கட்டியது நாங்கள்தான். பெட்டியிலிருந்த எல்லாத் தட்டும் அங்கே ஓடியாயிற்று. மிச்சமிருந்தது, முதலாளி பழைய சாமான் கடையில் ஆம்ப்ளிஃபயர் வாங்கியபோது கூடவே வந்த இந்த ஒன்றுதான். போட்டேன். பாட்டா நாடகமா என்று எனக்கே விளங்கவில்லை. ஒருத்தன் அழுகிறான், சிரிக்கிறான், இடி இடிக்கிறது.

"ஏஞ்சாமி, இது காதுகுத்தா எழவா?" என்று ஒரு அம்மாள் கேட்டாள்.

"ஓடட்டும். அவனூட்டுல இது ஓடுச்சா?" என்றார் வீட்டுக்காரர்.

ரோட்டோரத்தில் பாவாயி அக்காவின் செம்மறிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் கதையைச் சமையல்காரர்கள் காலையிலேயே பேசிக்கொண்டார்கள். புருஷன் செங்கோடன் காய்ச்சலில் போய்விட்டார். அங்கே ஆடு மேய்க்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு கூப்பாடு உண்டு, அவரவர் ஆடு அதற்குத்தான் திரும்பும். பாவாயி தொண்டை கிழியக் கூப்பிட்டும் ஒன்றும் அசையவில்லை. கண்டவர் வெள்ளாமையில் போய் இறங்கின, தினமும் சண்டை. அந்த மந்தையை விட்டால் அவளுக்குப் பிழைப்பு இல்லை, ஆனாலும் வேறு வழியில்லாமல் வியாபாரியை வரச் சொல்லிவிட்டாள்.

கைதட்டல் ஓய்ந்த இடத்தில், நம்பினால் நம்புங்கள், குழாயில் ஒரு ஆள் நாக்கை மடித்து "ட்ர்ர்ர்... ஹோ" என்று இழுத்துக் கூப்பிட்டார். லாரியில் ஏறியிருந்ததெல்லாம் கீழே குதித்தது. மொத்த மந்தையும் பந்திக்குள் புகுந்து, இலையையும் சோற்றையும் மிதித்துக்கொண்டு என் மரத்தடிக்கு வந்து நின்றது. எல்லாரும் என்னைத் திட்டினார்கள். ஆட்டை வளர்த்தது நானா?

பாவாயி மூச்சிரைக்க ஓடி வந்தாள். "இன்னொருக்காப் போடு சாமி. எங்கூட்டுக்காரரு சத்தம் அது."

"இது இங்கிலீசுப் பாட்டுங்கக்கா."

"அவரு சத்தம் எனக்குத் தெரியாதா? போடு."

ஊசியைத் தூக்கி முன்னால் வைத்தேன். இடி, கதவு, கைதட்டல். அதற்குமேல் ஒன்றுமில்லை. மறுபடி வைத்தேன், மறுபடியும் இல்லை. அவள் என் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், நான் என்ன செய்ய?

"ரெண்டு பேரும் வேசங் கட்டறீங்களா? புடிச்சு ஏத்துங்கடா" என்றார் வியாபாரி.

"அந்தச் சனியனை நிறுத்து" என்று வீட்டுக்காரர் கத்தினார். நிறுத்தினேன்.

தடியால் அடித்தும் ஆடு ஒன்றும் நகரவில்லை. பிறகு, யாரும் கூப்பிடாமல், நடுவில் ஒரு ஆள் போகிற அகலத்துக்கு வழி விட்டு விலகின. அந்த வழி அப்படியே முன்னால் நகர, ஆடுகள் அதன் பின்னாலேயே சேர்ந்துகொண்டு, லாரியைத் தாண்டி அவள் பட்டி இருக்கிற பக்கம் நடந்தன. பாவாயி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கடைசியில் போனாள்.

"ஏம்மா, முன்னால போறது ஆரு?" என்றார் வியாபாரி. குரல் இறங்கிப்போயிருந்தது.

"வழி உடுங்க" என்றாள்.

அவர் ரோட்டை விட்டு இறங்கி நின்றார்.

அவள் மந்தையை விற்கவில்லை. இந்த வயதிலும் மேய்க்கிறாள், கூப்பிடுவதே இல்லையாம். பட்டியைத் திறந்துவிட்டுப் பின்னால் நடக்கிறாளாம்.

வேறு ஏதோ ரேடியோ கலந்திருக்கும் என்றார் முதலாளி. இருக்கட்டும், சத்தத்துக்கு எதையாவது சொல்லிக்கொள்ளலாம். மேச்சேரி ஆட்டுக்கு முடி கட்டை, தொட்டால் தடம் தெரியும். முதலில் போன செம்மறி என் கைக்கெட்டும் தூரத்தில்தான் போனது. அதன் பிடரியில் ஒரு உள்ளங்கை அளவுக்கு முடி அழுந்திக் கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பள்ளம் மெதுவாகக் காதுக்குப் பின்னால் நகர்ந்தது. ஆடு சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டு நடந்தது.