தோளில் நான்கு விரல்கள்

ஞாயிறு காலை மணி பத்து இருபது. வாய்க்கால் மதகைத் தாண்டி வந்து நின்ற காரிலிருந்து முதலில் தெரிந்தது மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த போன். அதில் என் தங்கையின் படம்.

கீழ்வேளூரிலிருந்து, ஒரத்தநாட்டுக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்குப் பெண் பார்க்க வந்திருந்தார்கள், அம்மாவும் மகனும். மகன் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர், மனைவியை இழந்தவர். தங்கை விவாகரத்து ஆனவள் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆறு வயதில் அவளுக்கு ஒரு மகள் இருப்பது தெரியாது. அனுப்பிய பயோடேட்டாவில் நான் அதைச் சேர்க்கவில்லை.

பத்திரிகையில் செய்திகளைத் திருத்துவது என் வேலை. ஒரே மழைச் செய்தியை நாகைப் பதிப்புக்கு ஒரு விதமாகவும் சென்னைப் பதிப்புக்கு வேறு விதமாகவும் போடுவோம். நாகையில் படிப்பவருக்கு எந்த வாய்க்கால் உடைந்தது என்று தெரிய வேண்டும். சென்னைக்கு அரிசி விலை போதும். அந்தப் பழக்கத்தில் தங்கைக்கும் இரண்டு பக்கங்கள் தயாரித்தேன். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒன்று. அதில் குழந்தை உண்டு. தரகர் வழியாகத் தெரியாத வீடுகளுக்குப் போவது இன்னொன்று.

தங்கை இரண்டாவதைப் படித்துவிட்டு, "பாப்பாவக் காணுமேண்ணே?" என்றாள்.

"முதல்ல வந்து பாக்கட்டும். நேர்ல சொல்லிக்கலாம்."

"அன்னைக்கு அவள எங்க வைக்கிறது?"

"பக்கத்து வீட்ல உக்காந்து டிவி பாக்கட்டும்."

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறன்று வந்தவர்களுக்கு எங்கள் அம்மா காபி கொண்டுவந்தார். குறுவை அறுப்புக்கு மிஷின் கிடைக்காத கதையைப் பேசினோம். சொல்ல வேண்டியதைச் சொல்ல ஓர் இடைவெளி பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அந்த அம்மா போனிலிருந்த படத்தை விரலால் பெரிதாக்கினார்.

"ஏம்மா, இது வேளாங்கண்ணிதானே? பின்னால மீன் கடை தெரியுது."

"ஆமாங்க," என்றாள் தங்கை.

"தோள்ல இது யாரு கை? சின்னப் புள்ள விரலாட்டம் இருக்கு."

படம் எடுத்த அன்று பெஞ்சின் மேல் ஏறி, தங்கையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்ற குழந்தையைத்தான் படத்திலிருந்து வெட்டியிருந்தேன். முகம் போய்விட்டதா என்று பார்த்தவன் தோளைப் பார்க்கவில்லை.

பேச வேண்டியவன் நான். பேசியது தங்கை.

"என் பொண்ணுங்க. ஒண்ணாவது படிக்கிறா."

மாப்பிள்ளை டம்ளரைக் கீழே வைத்தார். அவருடைய அம்மா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி பேப்பர்ல வேலை பாக்குறதா சொன்னாங்க."

"ஆமாங்க."

"அதான பாத்தேன்."

"நேர்ல சொல்லணும்னுதாம்மா..."

"எம் மவனுக்கும் இது ரெண்டாங் கல்யாணந்தான் தம்பி. புள்ள இருக்குன்னு போட்டிருந்தா யோசிச்சிருப்போம், வந்தும் இருப்போம். இப்ப நீங்க சொல்றதுல எத நம்புறது? பொண்ணோட நட்சத்திரமாவது நெசந்தானா?"

கோபப்படாமல்தான் எழுந்தார்கள். கொண்டுவந்த பழங்களை வைத்துவிட்டு, "வர்றோம்மா" என்று தங்கையிடம் மட்டும் சொல்லிக்கொண்டார்கள்.

கார் கிளம்பியதும் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. குழந்தை தலையை நீட்டி, "மாமா, இப்ப நான் வரலாமா?" என்று கேட்டாள்.

யாரும் அவளிடம் காரணம் எதையும் சொல்லியிருக்கவில்லை. தங்கை போய் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தூக்கும் வயதெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. இருவரும் உள்ளே போக நான் ஒதுங்கி நின்றேன். தங்கையின் நல்லதுக்காகத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. குழந்தையை ஒரு குறையாக முதலில் எண்ணியது கீழ்வேளூர்க்காரர்கள் இல்லை.

மாலையில் புதிய பக்கத்தைத் தங்கையே தட்டச்சு செய்தாள். என்னைத் திருத்தச் சொல்லவில்லை. பெயருக்கு அடுத்த வரி: "ஒரு மகள் உண்டு. என்னோடுதான் இருப்பாள்."

தரகர் அதைத் திருவாரூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை.