போட்டோவுக்கு ஒரு உதறு

ஃபார்மலின் நாற்றம் எனக்குப் பழகிவிட்டது. மூக்கு எரியும், கண் கரிக்கும், சோற்றுக் கையிலும் அந்த வாடை நிற்கும், போகட்டும். பெரம்பலூரில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் இன்றைக்கும் எனக்குக் குமட்டுவது எங்கள் பேராசிரியரின் சென்ட் வாசனைதான்.

ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரிக் காடுகளில் பூச்சிமருந்தடிக்கிறவர்களின் ரத்தத்தைச் சோதித்துக்கொண்டிருந்தோம். அதில் என் அப்பாவின் ரத்தமும் உண்டு. மருந்தடித்தாலே அவருக்கு மூச்சு வாங்கும். ரத்தத்தில் கோளாறு என்று தெரிந்தால் அந்த வேலையையே விட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தார். முடிவு வரும்வரை போகவே கூடாது என்று சண்டை போட்டு நிறுத்தி வைத்திருந்தேன்.

ஃபார்மலினில் பதப்படுத்திய ரத்தச் செல்களைக் குழிகள் நிறைந்த பிளாஸ்டிக் தட்டில் ஆளுக்கொரு குழியாக ஊற்றியிருந்தேன். மெஷினில் எண்ணுவதற்கு முன் ஃபார்மலின் போகக் கழுவ வேண்டும். ஒவ்வொன்றாகக் கழுவினால் விடிந்துவிடும். தட்டோடு வேகமாகச் சுற்றும் இன்னொரு மெஷினில் வைத்துச் சுழலவிட்டால் செல் அடியில் ஒட்டிக்கொள்ளும். உடனே தட்டைக் கவிழ்த்து ஒரே உதறு. நீர் மட்டும் கீழே தொட்டியில் விழும். மறுபடி நீர் ஊற்றினால் மறுபடி சுழலவிட்டுத்தான் உதற வேண்டும். இல்லாவிட்டால் செல்லும் சேர்ந்து போய்விடும்.

அன்று ஆய்வகத்தைப் பார்க்க விருந்தாளிகள் வந்தார்கள். வருஷக்கணக்கில் தட்டைத் தொடாத பேராசிரியர், கோட்டை மாட்டிக்கொண்டு, "குடும்மா, நானே காட்டறேன்" என்று நான் சுழலவிட்டு எடுத்த தட்டை வாங்கினார். ஒரு உதறு. நன்றாகத்தான் உதறினார்.

"சார், தண்ணி விழுறது போட்டோல வரலீங்க," என்றார் படம் எடுத்தவர்.

"அதுக்கென்ன?" என்று பேராசிரியர் குழிகளில் நீரை நிரப்பினார்.

"ஐயோ சார், மறுபடி மெஷின்ல சுத்தணும் சார்!" என்று நான் கத்துவதற்குள் உதறிவிட்டார். பளிச்சென்று வெளிச்சம். கைதட்டல். சீ! தொட்டியில் அத்தனை பேருடைய செல்லும் ஒன்றாகக் கலந்து கிடந்தது.

விருந்தாளிகள் போனபின் அவரிடம் சொன்னேன். கைக்குட்டையால் விரலைத் துடைத்தபடி, "இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க? திரும்ப எடுத்துக்கலாம். ஒரு ஜூஸ் பாக்கெட் குடுத்தா வரிசையில நிப்பாங்க" என்றார். அருவருப்பில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. காறித் துப்பலாம் போலிருந்தது. துப்பவில்லை. தொட்டியைக் கழுவினேன்.

சாயங்காலம் அப்பா போன் பண்ணினார். "என்னம்மா, ரத்தம் என்ன சொல்லுது?"

"கொட்டிட்டாங்கப்பா. மருந்தடிச்ச கையோட எடுத்தாத்தான் கணக்கு. நீங்க அடிக்கறத நிறுத்தி நாளாச்சு, இப்ப எடுத்தா ஒண்ணும் தெரியாது."

"அட, இதுக்கா அழுவுற? நாளைக்குக் காட்டுக்குக் கூப்பிட்டிருக்காங்க. மருந்தடிச்சுட்டு நேரா பஸ் ஏறி வந்துடுறேன். எடுத்துக்க."