அண்ணன் பாதியில் விட்ட பதில்

எங்கள் ரப்பர்த் தோட்டத்து லயத்து வீடுகளில், புருஷனை இழந்தவள் மறுபடி கட்டிக்கொண்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மறுநாள் காலையில் எல்லாரும் பால்மரம் வெட்டப் போவார்கள், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் மட்டும் அது அவமானமாகிப் போனது. அதுவும் அண்ணன் சமூகச் சீர்திருத்தம் படிக்க ஆரம்பித்த பிறகு! நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பா கங்காணி. மகன் மதராஸுக்குக் கப்பலேறி சர்க்கார் உத்தியோகப் பரீட்சை எழுதப் போகிறான் என்று ஈப்போ கடைத்தெரு வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். நான் கல்யாணமான வருஷமே மலேரியாக் காய்ச்சலுக்குப் புருஷனைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவள். தைப்பிங் மிஷன் பள்ளியில் கொஞ்சம் இங்கிலீஷ் படித்திருந்ததால், சரித்திரப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பது என் வேலை. அண்ணன் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே ஒப்பிப்பான். உடன்கட்டை ஒழிந்தது, விதவைகள் மறுமணச் சட்டம், பெண்கல்வி எல்லாம் மூச்சுவிடாமல் வரும். கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம்.

சிலிம் ரிவரில் ரயில்பாதை வேலை பார்த்த ஒருவர், எங்கள் லயத்தில் இருந்த தன் அக்காவோடு தாம்பூலத் தட்டு எடுத்துக்கொண்டு என்னைப் பெண் கேட்டு வந்தார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

பெண்ணைப் பெற்றவர்தான் தட்டை வாங்க வேண்டும். அப்பா கையை நீட்டாமல் அண்ணன் முகத்தைப் பார்த்தார்.

“நாளைக்கு நான் ஆபீசர் ஆவப்போறவன். தங்கச்சி அறுத்துக் கட்டுனவன்னா நாலு பேரு என்னா பேசுவாங்க?” என்றான் அண்ணன்.

சமையல்கட்டில் நின்றிருந்த நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தேன். தினமும் கேட்கிற அதே குரலில் கேட்டேன்.

“விதவைகள் மறுமணச் சட்டம் எதுக்கு வந்துச்சு அண்ணே?”

பழக்கம் அவனை விடவில்லை. “இளம் விதவைகள் பட்ட துன்பத்தை நீக்கும் பொருட்டு...” என்று ஆரம்பித்தவன், சட்டென்று விழித்துக்கொண்டு வாயை மூடினான். மிச்சத்தை நான் சொன்னேன். வந்தவர்கள் காதில் விழும்படி, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

“அதெல்லாம் பரீட்சைக்கு!” என்று கத்தினான்.

புத்தகத்தை அவன் கையில் திணித்தேன்.

“அப்ப நீ பரீட்சை எழுது. நான் கட்டிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, தட்டை நானே வாங்கிக்கொண்டேன்.