சுடர்விழியும் ஆறு ரப்பர் துண்டுகளும்

சுடர்விழி மலையைக் கிட்டத்தில் பார்த்தது ஒரே ஒரு முறைதான். கல்லூரிச் சுற்றுலாவில் பழனிவரை போனாள். போன இடத்தில் காய்ச்சல் வந்து, எல்லோரும் படியேற, அவள் மட்டும் பேருந்திலேயே படுத்துக் கிடந்தாள். அப்படிப்பட்டவளுக்கு மலையில் ஓட்டும் சைக்கிள்களே பிழைப்பாகிப் போனது எப்படி என்று சில சமயம் அவளுக்கே விளங்காது.

அம்மாப்பேட்டையிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது அவள் ஊர். அம்மா காத்தாயி ஊரார் வயலில் நடவு நட்டு அவளை மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படிக்க வைத்தவள். இப்போது சொந்தமாக மூன்று மா, ஏறக்குறைய ஓர் ஏக்கர், நிலம் வைத்திருக்கிறாள். படிப்பு முடிந்ததும் சுடர்விழி சென்னையில் காப்புரிமைத் தேடல் செய்யும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தாள். கொரோனாவில் ஊருக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. மாடியறையில் ஒரு மேசை, இரண்டு திரை, கரண்ட் போனால் தாங்க ஓர் இன்வெர்ட்டர். வயது முப்பத்திரண்டு.

யாராவது ஒரு பாகத்தைப் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். அது நிஜமாகவே புதிதா, அதற்கு முன்னால் உலகத்தில் எங்காவது யாராவது செய்திருக்கிறார்களா என்று தேடிச் சொல்ல வேண்டும். இதுதான் வேலை. அவளுக்கு வாய்த்தது சைக்கிள் பிரிவு.

"அப்ப நீ ஒண்ணும் கண்டுபிடிக்கிறதில்ல. கண்டுபிடிச்சேங்கிறவனக் கண்டுபிடிக்கிற" என்றாள் காத்தாயி ஒருநாள்.

"அப்படித்தாம்மா."

"கண்டுபிடிச்சு?"

"எழுதி அனுப்பிடுவேன்."

காத்தாயி அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் மகளின் மனதில் அந்த 'கண்டுபிடிச்சு?' மட்டும் நின்றுவிட்டது.

முதல் வருடம் வந்ததெல்லாம் அதிசயமாகத் தெரிந்தது. மூன்றாம் வருடம் எல்லாமே பழையதாகத் தெரிந்தது. இருபத்தாறு அங்குலமாக இருந்த சக்கரம் இருபத்தேழரை ஆனபோது புரட்சி என்றார்கள். இருபத்தொன்பது ஆனபோது அதையும் புரட்சி என்றார்கள். பின்சக்கரத்து அச்சு 142 மில்லிமீட்டரிலிருந்து 148 ஆனதற்கு ஒரு கம்பெனி பதினெட்டுப் பக்கம் பெருமைப்பட்டிருந்தது. சுடர்விழி கீழே இறங்கிப் போய், சாக்கிலிருந்து ஒரு நெல்லை எடுத்து ஸ்கேலில் வைத்துப் பார்த்தாள். அந்த ஆறு மில்லிமீட்டர் ஒரு நெல்மணி நீளம்கூட இல்லை. ஆனால் அந்தக் கொஞ்சத்தால் பழைய சக்கரம் எதுவும் புது வண்டியில் ஏறாது. ஏமாற்று என்று நினைத்தாள். பிறகு, அதனால் சக்கரம் கோணாமல் நிற்கிறது என்று ஓட்டுகிறவர்கள் சத்தியம் செய்ததைப் படித்தாள். யாரை நம்புவது? ஓட்டிப் பார்க்க அவளிடம் மலையும் இல்லை, வண்டியும் இல்லை.

போன வருடம் குறுவைக்கு நாற்று விட்டிருந்த சமயம், சென்னையிலிருந்து கவிப்ரியா கூப்பிட்டாள். அவள்தான் சுடர்விழியின் மேலதிகாரி.

"சுடர், இது கொஞ்சம் பெரிய கேஸ். ஒரு வெளிநாட்டுக் கம்பெனி ஒரு பார்ட்டுக்கு பேட்டன்ட் வாங்கி வச்சிருக்கு. இன்னொரு கம்பெனி அதே மாதிரி செஞ்சு வித்துச்சுன்னு கோர்ட்டுக்குப் போயிருக்கு. நமக்கு வேலை குடுத்தது அந்த இன்னொரு கம்பெனி. 'இது ஏற்கெனவே இருந்ததுதான்'னு காட்டணும். அவங்க பேட்டன்டுக்கு விண்ணப்பம் போட்டது 2019 மார்ச்; அதுக்கு முன்னாடி எங்கயாவது, யார்கிட்டயாவது இருந்திருக்கணும்."

பாகத்தின் படம் வந்தது. மலைச் சைக்கிளின் பின்சக்கரம் மேலும் கீழும் ஆடும்படி கட்டப்பட்டிருக்கும். பாறையில் ஏறிச் சக்கரம் துள்ளும்போது செயின் இழுபடும். பெடல் பின்னால் உதைக்கும். அந்த உதை காலில் விழும். இதைத் தடுக்க, பெடல் தண்டுக்கும் செயின் வீலுக்கும் நடுவில் சின்ன ரப்பர் துண்டுகளை வைத்திருந்தார்கள். உதை வரும்போது செயின் வீல் மட்டும் ஒன்பது டிகிரிவரை திரும்பிக்கொள்ளும், கால் அசையாது.

மூன்று வாரம் தேடினாள். கிட்டத்தில் வந்ததெல்லாம் கிடைத்தது, அதுவே கிடைக்கவில்லை. மோட்டார் பைக்கின் பின்சக்கரத்தில் கப்ளிங் ரப்பர் என்று ஒன்று பல காலமாக இருக்கிறது. என்ஜின் வெட்டி இழுக்கும் அதிர்வை அது வாங்கிக்கொள்ளும். ஆனால் அது சக்கரத்தில் இருக்கிறது, இது பெடலில் இருக்கிறது. இடம் மாற்றி வைத்தால் புதிதாகிவிடுமா? ஒருநாள் ஆம் என்று எழுதினாள். மறுநாள் அழித்தாள்.

நான்காவது வாரம் வேதாரண்யத்தில் ஒரு காதுகுத்து. காத்தாயியின் தம்பி இளையபெருமாள் அங்கேதான் இருக்கிறார். அகஸ்தியம்பள்ளி உப்பளத்திலிருந்து பாக்கெட் உப்பைக் கடைகளுக்கு எடுத்துப் போகும் மூணு சக்கர மிதிவண்டி ஓட்டுகிறார். அம்மாவும் மகளும் மன்னார்குடியில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு வாழை இலை போதவில்லை. மாமா பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்ததால் சுடர்விழியே வண்டியை எடுத்தாள். சிறுவயதில் அதில் ஏறி விளையாடியவள்தான். பெடலில் காலை வைத்து மிதித்ததும் திடுக்கிட்டாள். பெடல் கொஞ்சம் மெத்தென்று அமுங்கி, பிறகுதான் வண்டியை இழுத்தது. இறங்கிப் பார்த்தாள். செயின் வீலுக்கும் பெடல் தண்டுக்கும் நடுவில் ஒரு தகடு; அதில் ஆறு ஓட்டை; ஆறிலும் கறுப்பாக ரப்பர்.

இலை வாங்க வேறு யாரோ போனார்கள். பந்தி முடிகிறவரை அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"மாமா, இது எப்பலேருந்து இருக்கு?"

"எது? ரப்பரா? அது சைக்கிள் கடை கலந்தர் பாய் வச்சது. லோடு ஏத்திக்கிட்டு முதல் மிதி மிதிக்கிறப்ப முட்டியில சுருக்குன்னு வெட்டும்மா. வண்டியை வித்துடலாம்னு இருந்தேன். பாய்தான், இருங்க ஒண்ணு செஞ்சு பாக்கறேன்னாரு."

"எந்த வருஷம்?"

"வருஷமெல்லாம் யாரு பாத்தா? கஜாவுக்கு முன்னாடி. புயல்ல மாமரம் விழுந்து வண்டி நசுங்குனப்ப ரப்பர் இருந்துச்சே. நிவாரணத்துக்கு போட்டோ கேட்டாங்கன்னு புள்ளைங்க எடுத்துச்சுங்க."

அந்தப் படம் இளையபெருமாள் மகளின் பழைய கைப்பேசியில் இருந்தது. 2018 நவம்பர் பதினெட்டு. சாய்ந்த மாமரம், அடியில் கோணிப்போன வண்டி, அதன் செயின் வீல். பெரிதாக்கிப் பார்த்தாள். தகடு தெரிந்தது. ஓட்டைகளில் இரண்டு தெரிந்தன. அவற்றில் கறுப்பாக ஏதோ இருந்தது. ரப்பராகவும் இருக்கலாம், சேறாகவும் இருக்கலாம். மார்ச்சுக்கு நாலு மாதம் முன்னால் எடுத்த படம். அதைத் தன் கைப்பேசிக்கு அனுப்பிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே கலந்தரின் கடைக்குப் போனாள். ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. பதினோரு வருடம் சவூதியில், தம்மாமில் ஒரு பட்டறையில் இருந்துவிட்டு வந்து, சைக்கிளும் பைக்கும் பழுது பார்க்கிற கடை வைத்திருந்தார். சுடர்விழி தன் வேலையைச் சொல்லி, அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் பேட்டன்ட் படங்களைக் காட்டினாள். ஊர் உலகத்துக்கே தெரிய வெளியிட்ட படங்கள்தான். ரகசியம் ஒன்றும் இல்லை.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதுக்கா கோர்ட்டு?"

"ஆமா பாய். நீங்க அவங்களுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கீங்க."

"அந்த மாதிரி எழுதாதீங்கம்மா" என்றார் அவசரமாக. "நான் எங்க கண்டுபிடிச்சேன்? தம்மாம்ல தரை கழுவற மிஷின்ல இப்படி ரப்பர் பாத்துருக்கேன். அப்புறம் பைக்குல இல்லாததா? இளையபெருமாள் அண்ணனுக்கு முட்டி வலிக்குதேன்னு எடுத்து இங்க வச்சேன். அவ்வளவுதான்."

"அவங்களும் அதேதான செஞ்சிருக்காங்க?"

"ம்... இல்லம்மா." அவர் விரல் படத்தின் ஓரத்தில் நின்றது. "இது என்ன, திருகாணியா?"

அது ஒரு சின்ன திருகாணி. ஒன்பது டிகிரியா, ஆறா, நாலா என்று ஓட்டுகிறவரே திருகி வைத்துக்கொள்ளலாம்.

"இது என்கிட்ட இல்ல" என்றார் கலந்தர். "எனக்கு ரப்பர் கூடக்குறைய வேணும்னா, கழட்டி வேற அறுத்து வைக்கணும். அரை நாள் போயிடும். இவன் வெளியிலேருந்தே திருகுறான் பாருங்க. நல்ல மூளைம்மா. இது புதுசு."

பஸ்ஸில் திரும்பும்போது சுடர்விழிக்குத் தலை கனத்தது. மூன்று வாரமாகத் தேடியது கிடைத்துவிட்டது. ஆனால் அதைச் செய்தவரே தான் கண்டுபிடிக்கவில்லை என்கிறார். கண்டுபிடித்ததாகச் சொல்லும் கம்பெனியிடம் புதிதாக இருப்பது, அவர்கள் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் சொன்ன ஒரு திருகாணி. கலந்தர் பாய் வைத்தது முட்டி வெட்டுக்கு. அவர்கள் வைத்தது பாறை உதைக்கு. பொருள் ஒன்று, காரணம் வேறு. சட்டத்துக்குக் காரணம் முக்கியமில்லை என்று அவளுக்குத் தெரியும். தனக்கு முக்கியமா என்றுதான் தெரியவில்லை.

பக்கத்தில் காத்தாயி தூங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"பாய்க்கு எதாவது கிடைக்குமா இதனால?"

"ஒண்ணும் கிடைக்காதும்மா. அந்த இன்னொரு கம்பெனி ஜெயிக்கும். அவ்வளவுதான்."

"அவங்க யாரு நமக்கு?"

"யாருமில்ல."

உள்ளது உள்ளபடியே அறிக்கை எழுதினாள். பேட்டன்டில் கம்பெனி தனது என்று எண் போட்டுச் சொல்லும் உரிமைக்கூற்றுகளில் முதலாவதான ரப்பர் ஏற்பாடு புதிதல்ல, வேதாரண்யத்தில் பொதுவீதியில் ஓடிய வண்டியில் இருந்தது, படம் இணைப்பு, படம் தெளிவில்லை. திருகாணி பற்றிய ஏழாவது உரிமைக்கூற்றுக்கு முன்மாதிரி எதுவும் கிடைக்கவில்லை. கவிப்ரியா படித்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"ஏழாவதைப் பத்தி நம்மகிட்ட கேக்கவே இல்லையே சுடர். எதுக்கு எழுதுனீங்க?"

"அது நிஜமாவே புதுசு மேம்."

"நாம யாருக்காக வேலை பாக்குறோம்?"

கவிப்ரியா பெருமூச்சு விட்டாள். ஏழாவதை நீக்கச் சொல்லவில்லை, பின்னிணைப்புக்குத் தள்ளினாள்.

தை மாதம் செய்தி வந்தது. இரண்டு கம்பெனியும் நீதிமன்றத்துக்கு வெளியே சமாதானமாகிவிட்டன. என்ன பேசிக்கொண்டார்கள் என்று யாருக்கும் சொல்லவில்லை. மாமாவின் நசுங்கிய வண்டிப் படத்தை யாராவது பார்த்தார்களா என்றுகூடத் தெரியவில்லை. அந்தப் பாகம் இப்போது இரண்டு பெயரில் விற்கிறது. இரண்டு விளம்பரத்திலும் 'முற்றிலும் புதிது' என்றே இருக்கிறது. அறுவடை மெஷின் கீழே வயலில் இரைந்துகொண்டிருக்க, அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கோபம் வரும் என்று நினைத்தாள், வரவில்லை. அவளுக்கு என்னவென்று பெயர் வைக்கத் தெரியாத ஒன்றுதான் வந்தது.

பத்து நாள் கழித்து இளையபெருமாள் போன் செய்தார்.

"சுடரு, கலந்தர் பாய் வண்டியில திருகாணி வச்சுட்டாரு! லோடு இருந்தா இளக்கிக்கலாம், காலி வண்டின்னா இறுக்கிக்கலாம். இன்னும் மூணு பேரு கேட்டுருக்காங்க."

அவள் உடனே அந்த ஏழாவது உரிமைக்கூற்று இந்தியாவில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை, இந்தியாவில் அவர்கள் பதியவே இல்லை. மலைச் சைக்கிள் அதிகம் விற்கிற நாடுகளில்தான் பதிந்திருந்தார்கள். அங்கே அந்தத் திருகாணியை வைத்தால் திருட்டு. வேதாரண்யத்தில் வைத்தால் பழுது பார்ப்பது. நிம்மதியாக இருந்தது. ஆனால் ஏன் அப்படி என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது.

கலந்தரைக் கூப்பிட்டாள்.

"பாய், திருகாணி வச்சது தப்பில்ல. பாத்துட்டேன்."

"தப்பாயிருக்குமோன்னு நானும் நினைச்சேம்மா. நீங்க காட்டுன படத்துலேருந்துதான் எடுத்தேன். ஆனா அவங்க மாதிரி தகட்டுக்குள்ள மரை வெட்டி வைக்கல. எனக்கு அந்த மரை வெட்டற மிஷின் கிடையாது. வெளியிலேருந்து ஒரு ஸ்டட்டை, அதான் தலையில்லாத போல்ட்டை, விட்டு நட்டு போட்டேன். இதுல ஒரு வசதி, செயினைக் கழட்டாமலே ரப்பரை மாத்திடலாம்."

"செயினைக் கழட்டாமலா?"

"ஆமாம்மா."

சுடர்விழி போனைக் காதில் வைத்தபடியே சேர்த்து வைத்திருந்த ஆவணங்களைத் திரையில் திறந்து புரட்டினாள். செயினைக் கழற்றாமல் ரப்பரை மாற்றும் வழி அவள் படித்த எந்த ஆவணத்திலும் இல்லை.

"என்னம்மா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் பாய்" என்றாள். "அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. தேதி தெரியற மாதிரி எடுங்க."

"எதுக்கும்மா?"

நாளைக்கு யாராவது இதையும் 'முற்றிலும் புதிது' என்றால், அதற்கு முந்தின தேதி ஒன்று கையில் இருக்கும்; அதை வைத்து என்ன செய்வது என்பது மட்டும் அவளுக்கும் தெரியவில்லை.